எதிராளி யோசிக்கும் நேரம்

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த சதுரங்கச் சங்கத்தில் மொத்தம் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் சேர்த்து முப்பது கெட்ட பழக்கமாவது தேறும். குடி, சீட்டு என்று எதுவும் கிடையாது; அதற்கெல்லாம் நேரம் ஒழிகிற ஆட்கள் இல்லை. எல்லாமே பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வருகிற பழக்கங்கள்.

தபால்காரர் 'செக்' என்று சொன்னால் கீழே டயர் வாங்க வந்தவன் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடுவான். தையல்காரர் வெட்டிய காயைக் கீழே வைக்க மாட்டார். குண்டூசி மாதிரி உதட்டில் கவ்விக்கொள்வார். ஒருமுறை கொட்டாவி விட்டதில் எதிராளியின் சிப்பாய் உள்ளே போய்விட்டது. மூன்றாம் நாள் அது பத்திரமாகத் திரும்பி வந்தது, ஆனால் அதைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. அந்தப் பெட்டியில் இன்றைக்கும் ஒரு சிப்பாய்க்குப் பதில் சோடா மூடிதான் நிற்கிறது. செயலாளர், பல்செட்டு கட்டுகிறவர், கால் ஆட்டுவார். ஆட்டம் தொடங்கும்போது ஜன்னலோரம் இருந்த மேசை, முடியும்போது மாடிப்படிக்கு வந்திருக்கும். அவரோடு நீண்ட ஆட்டம் ஆடுகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள்.

கடைசல்காரரும் சளைத்தவர் இல்லை. லேத் பட்டறையில் இருபத்தெட்டு வருஷமாக இரும்பு கடைகிறவர். எதிராளி எந்தக் காயை நகர்த்தினாலும் உச்சுக்கொட்டுவார். கெட்ட நகர்த்தலுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, நல்லதுக்கும் கொட்டுவார். சாவு வீட்டில் துக்கம் விசாரிப்பது போன்ற சத்தம் அது. நல்ல நிலைமையில் இருப்பவனுக்கே நாம் செத்துக்கொண்டிருக்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிடும். மனுஷருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் சதுரங்கம்தான் காரணம். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா பலகையை விரித்து வைத்திருந்தார். நாலு மணி நேரம் ஆடி, ஜெயித்து, கை கொடுத்துவிட்டு, பெண்ணைப் பார்க்காமலேயே வந்துவிட்டார்.

ஆனால் இவர்கள் எல்லோரும் ஒரு தட்டு, மாமா ஒருவர் மறு தட்டு.

மாமா என்பது கடைசல்காரருடைய அக்கா புருஷன். எடைமேடையில் வேலை. லாரி ஏறி நிற்கும், முள் ஆடும், டிரைவர் "சீக்கிரம் சார்" என்று கத்துவான், மாமா முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முள் நிற்காமல் அவர் சீட்டு எழுதியதாக ஒரு புகார் கிடையாது. பலகைக்கு முன்னாலும் அதே ஆள்தான். ஜெயிக்கிற ஆட்டம் என்றால் மின்னல், தோற்கிற ஆட்டம் என்றால் கல். இடது கையில் தாடையை ஊன்றிக்கொண்டு, வலது கையில் நகர்த்தல் குறிக்கும் பேனாவைப் பிடித்துக்கொண்டு, மீதி இருக்கிற நேரம் பூராவும் அப்படியே உட்கார்ந்துவிடுவார்.

"என் நேரம், மாப்ளே. நான் வச்சுப்பேன், வறுத்துத் தின்பேன். உனக்கென்ன?" என்பார் அப்புறம் கேட்டால்.

ஒருமுறை அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது காதுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே சிலந்தி வலை கட்டிவிட்டது என்று சொல்வார்கள். அது வீண் பேச்சு. மூக்குக்கும் கடிகாரத்துக்கும் நடுவேதான் கட்டியது.

சங்கத்தில் இதற்கு ஒரு சொல்லே உண்டு: "கல்லு உக்காந்துடுச்சு." சொல்லிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இத்தனை பழக்கங்களையும் கட்டி மேய்க்கச் செயலாளர் மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். தொட்ட காயை ஆட வேண்டும். எதிராளியின் கடிகாரம் ஓடும்போது அவரிடம் பேசவோ அவரைத் தொடவோ கூடாது. தோற்றவர் கை கொடுக்க வேண்டும். இரண்டாம் விதியை மீறினால் மீறியவருக்குத் தோல்வி. தபால்காரர் ஒருமுறை "சட்டைப் பித்தான் அவுந்திருக்கு" என்று எதிராளிக்கு நல்லெண்ணத்தில் சொல்லப்போய் வருஷப் போட்டியையே இழந்தார். அதற்கப்புறம் எதிராளியின் சட்டையே எரிந்தாலும் யாரும் வாய் திறக்கிற வழக்கம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்து, மதியத்துக்கு மேல் விடாமல் பிடித்துக்கொண்டது. டயர் ரப்பர் வாடையும் ஈரச் சட்டை வாடையும் கலந்து மாடி முழுக்கக் கனமாக நின்றது. வருஷப் போட்டியின் கடைசிச் சுற்று. கடைசல்காரரும் மாமாவும் எதிரெதிரே. ஜெயிக்கிறவருக்குக் கோப்பை. ஒன்பது வருஷத்தில் ஏழு தடவை அதை மாமாதான் வீட்டுக்குத் தூக்கிப்போனார். கடைசல்காரர் ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

இருபத்து மூன்றாவது நகர்த்தலில் மாமாவின் குதிரை மாட்டிக்கொண்டது. எந்தப் பக்கம் போனாலும் வெட்டு. கடைசல்காரர் காயை வைத்து, கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினார். அவருடைய முள் நின்றது, மாமாவுடைய முள் ஓட ஆரம்பித்தது. நாற்பத்தொரு நிமிஷம் மீதி. அது தீர்ந்தால் முகப்பில் தொங்கும் சின்னச் சிவப்புக் கொடி விழும். விழுந்தால் ஆட்டம் போச்சு.

மாமா பலகையைப் பார்த்தார். இடது கையைத் தாடைக்குக் கொடுத்தார்.

"கல்லு உக்காந்துடுச்சு," என்று தையல்காரர் உதட்டில் யானையோடு முணுமுணுத்தார்.

கடைசல்காரர் கீழே போய் டீ குடித்தார். பன் ஒன்று வாங்கி, தோய்த்து, அவசரமில்லாமல் தின்றார். மேலே வந்தபோது பத்து நிமிஷம் போயிருந்தது. அவர் உட்கார்ந்ததும் மாமாவின் வலது கையிலிருந்து பேனா நழுவி, மேசையில் உருண்டு, தரையில் விழுந்தது. மாமா எடுக்கவில்லை. 'குனிஞ்சு எடுத்துக் குடுப்பேன், அப்ப வாய் தவறிப் பேசிடுவேன், விதிப்படி தோத்துடுவேன்னு பாக்குறார்' என்று கடைசல்காரர் நினைத்துக்கொண்டார். உருண்டு போகாதபடி பேனாவைக் காலால் மிதித்து வைத்துக்கொண்டார்.

மாமாவின் வாயோரம் ஒரு நூல் எச்சில் இறங்கியது. 'இது புதுசு' என்று நினைத்தார். உள்ளுக்குள் கொஞ்சம் பாராட்டக்கூடச் செய்தார். தபால்காரர் அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார். மழை ஓட்டில் அடித்தது. ஒருவரும் பேசவில்லை. விதி அப்படி.

கொடி விழுந்தது.

"மாமா, கொடி விழுந்துருச்சு," என்று சொல்லிக் கடைசல்காரர் கை நீட்டினார். மாமா கை கொடுக்கவில்லை. இவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தோத்தாலும் கை குடுக்கணும் மாமா. அது மரியாதை." நீட்டிய கை அப்படியே நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். "இதென்ன பழக்கம்!" என்று தோளைத் தட்டினார். மாமா சரிந்து, பலகைமேல் முகம் பட, விழுந்தார். காய்கள் நாலா பக்கமும் ஓடின.

அதற்கப்புறம் யாரும் தாமதிக்கவில்லை என்பது உண்மை. கடைசல்காரரே அவரைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். டயர் கடை வண்டியில் டயர்களுக்கு நடுவே படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"எப்ப ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"இப்பதான்."

"இப்பதான்னா? இந்த நோவுக்கு நிமிஷம்தாங்க மருந்து. சரியாச் சொல்லுங்க."

"அஞ்சு நிமிஷம். வந்த நேரத்தோட சேத்தா ஒரு கால் மணி."

டாக்டர் அதை நீல மையில் எழுதிக்கொண்டார். வாழ்க்கையில் எத்தனையோ புளுகு புளுகிய கடைசல்காரர், அதுவரை எதையும் எழுத்தில் கொடுத்ததில்லை.

*

மாமா பிழைத்தார். வலது கையும் காலும் போயின. பேச்சில் "ம்" மட்டும் மிஞ்சியது. புத்தி எங்கும் போகவில்லை, அதுதான் கஷ்டம்.

அக்கா வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. முன்னறை ஜன்னலோரம் கட்டில். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், பட்டன் துளை போடுகிற காஜா மிஷின். அக்கா முன்னே சட்டைக் கம்பெனிக்குப் போய் மிஷினில் உட்கார்ந்தவள். இப்போது கம்பெனியே மூட்டையாக வீட்டுக்கு வந்தது. மூட்டை பிரித்தால் கழுத்தில்லாத, கையில்லாத சட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஏழு காஜா. டக்கடக்கென்று ஏழு கண் திறந்து, நூலை வெட்டி, அடுத்ததை எடுப்பாள். நடுவில் எழுந்து கஞ்சி ஊட்டுவாள். ஊட்டுவதும் சுலபமில்லை. ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் வழியும். துடைத்து, திரும்ப வைத்து, தொண்டை இறங்குகிறதா என்று விரலை வைத்துப் பார்த்து, அப்புறம் அடுத்த கரண்டி.

ஆள் கனம். ஒருத்தியால் புரட்ட முடியாது. பட்டறை முடிந்து ஆறு மணிக்குக் கடைசல்காரர் வருவார். தலைமுடியில் இரும்புச் சுருள் மின்ன, கையில் எண்ணெய் வாடையோடு வந்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தோள்பக்கம் பிடிப்பார். அக்கா இடுப்புப்பக்கம். துணி மாற்றி, முதுகு துடைத்து, பவுடர் போட்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரட்டிப் படுக்க வைப்பார்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா அதே கதையைச் சொன்னாள்.

"என் தம்பி இல்லன்னா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். ஒரு நொடி தாமதிக்கல. அவர் சாயறதுக்குள்ள தாங்கிட்டான்."

இது முதல் வாரம். மூன்றாம் வாரத்தில் தம்பி அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடியிருந்தான். டயர் கடை வண்டி கதையிலிருந்தே கழன்றுகொண்டது. இரண்டாம் மாதத்தில் முழங்கால் ஆழத் தண்ணீர் வந்தது. நாலாம் மாதத்தில் அவன் நெஞ்சளவு வெள்ளத்தில் மாமாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஆற்றைக் கடந்துவிட்டான். அந்த ஊரில் ஆறே கிடையாது. கேட்டவர்கள் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

"இந்தக் காலத்துல யாருக்குக் கூடப்பிறந்தவன் இப்படி அமையறான்!" என்பார்கள்.

கடைசல்காரர் தரையைப் பார்ப்பார். வந்தவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். தரையிலிருந்து தப்பித்தவறிக் கண் நிமிர்ந்தால் கட்டிலில் மாமா இவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று தெரியாது. முள் நிற்பதற்காகக் காத்திருக்கிறவர் பார்வை அது.

பட்டறையிலும் வேலை ஓடவில்லை. ஒரு தண்டைக் கடைய ஆரம்பித்தால் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை மிஷினை நிறுத்திப் பார்த்தார். நிறுத்திய இடத்திலெல்லாம் வரி விழுந்தது. மூன்று தண்டு வீணாயிற்று.

"என்னய்யா, இரும்புக்கு மயக்கம் வருதான்னு பாக்குறியா?" என்றார் பட்டறை முதலாளி.

"இல்ல முதலாளி. அளவு பாத்தேன்."

"அளவு பாக்குற மூஞ்சி இல்லையே இது. நாடி பாக்குற மூஞ்சி."

அந்த வெயில் காலத்தில் கைப்பயிற்சி சொல்லித்தரும் அம்மாள் ஒருத்தி வாரம் ஒருமுறை வந்தாள். இடது கையாவது நன்றாக இருக்கட்டும், சின்னச் சின்னச் சாமானாக எடுத்து வைக்கப் பழக்குங்கள் என்றாள். அக்கா பட்டன்களைக் கொடுத்துப் பார்த்தாள். மாமா ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். மறுநாள் ஆறு மணிக்குக் கடைசல்காரர் உள்ளே நுழைந்தபோது, கட்டிலில் மாமாவுக்கு மூன்று தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்து, முன்னால் பலகை, காய்கள் அடுக்கித் தயாராக இருந்தன.

"உக்காரு தம்பி. உன்கூட ஆடினாத்தான் அவருக்கு ரோஷம் வரும்."

"இன்னிக்கு வேணாம்க்கா. கை எண்ணெயா இருக்கு."

"கழுவிட்டு வா. என்ன பெரிய எண்ணெய்."

கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கடிகாரம் இல்லை. வெயில் சுவரில் நின்றது. பக்கத்தில் மிஷின் டக்கடக்கென்று கண் திறந்துகொண்டிருந்தது. மாமா இடது கையை நீட்டி, இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை சிப்பாயைப் பிடித்து நகர்த்தினார். கடைசல்காரருக்கு உச்சுக்கொட்ட வரவில்லை.

நாலாவது நகர்த்தலில் மாமா யோசித்தார். இடது கை தானாகத் தாடைக்குப் போயிற்று.

"மாமா, நல்லாருக்கீங்களா?"

"ம்."

கொஞ்ச நேரம் போயிற்று. அதிகம் போனால் அரை நிமிஷம்.

"மாமா?"

"ம்."

"தலை கிலை சுத்துதா? தண்ணி வேணுமா?"

மாமா பலகையைப் பார்த்தார்.

"மாமா, என்னைப் பாருங்க. கையை ஒரு தடவை தூக்குங்க."

"ஏண்டா," என்றாள் அக்கா மிஷினை நிறுத்தாமல், "அவரை யோசிக்க விடேன்."

"யோசிக்கட்டும்க்கா. நான் சும்மா கேட்டேன்."

கடைசல்காரருக்கு மேசையை நகர்த்தவும் சிப்பாயை விழுங்கவும் தெரியாமலிருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சங்கத்தில் இருந்த பதினோரு பேரையும் சேர்த்துக் கட்டினாலும் அன்றைய கடைசல்காரரைப் போன்ற தொல்லை பிடித்த எதிராளி கிடைக்க மாட்டான். காய்க்குக் காய் "மாமா" என்றார். கண்ணைச் சிமிட்டினால் "ஏன்" என்றார், சிமிட்டாவிட்டால் எழுந்து வந்து முகத்துக்கு நேரே குனிந்தார். எட்டாவது நகர்த்தலில் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். மாமா கையை உதறி, பலகையையே வாரித் தள்ளினார். காய்கள் சட்டைத் துண்டுகளுக்குள் போய் விழுந்தன.

மிஷின் நின்றது.

"ஏன் இப்படிப் பண்றே?" என்றாள் அக்கா. "அன்னிக்கு அவ்வளவு தைரியமா இருந்தவன், இப்ப ஏன் பச்சைப்பிள்ளை மாதிரி பயப்படறே? அன்னிக்கு ஒரு நொடி நீ தாமதிக்கலையே!"

"தாமதிச்சேன்க்கா."

"என்ன?"

"தாமதிச்சேன். அவர் அப்படியே உக்காந்திருந்தார். நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பத்தொரு நிமிஷம்."

அக்கா கையில் நூல் கத்தரி இருந்தது. அதை மிஷின்மேல் வைத்தாள். வைத்த சத்தம் கேட்கவில்லை.

"நீ என்ன பண்ணே? அந்த நாப்பத்தொரு நிமிஷம்?"

"டீ குடிச்சேன்."

"டீ குடிச்சே."

"ஒரு பன்னும் தின்னேன். அப்புறம் மேல வந்து உக்காந்தேன்."

"அவரைக் கூப்பிடலையா? ஏங்கன்னு ஒரு வார்த்தை?"

"கூப்பிடக் கூடாதுக்கா. அவர் நேரம் ஓடிக்கிட்டிருந்துச்சு. தோக்கும்போது அவர் அப்படித்தான் உக்காருவார், எல்லாருக்கும் தெரியும். நேரம் தீந்தா ஆட்டம் எனக்குன்னு இருந்தேன்."

"தீந்துச்சா?"

"தீந்துச்சு."

"நீ ஜெயிச்சியா?"

கடைசல்காரர் சட்டைத் துண்டுகளுக்குள் கையை விட்டு ஒரு சிப்பாயைப் பொறுக்கினார்.

"கேக்குறேன்ல. ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன். செயலாளர் புள்ளி எழுதிட்டார். கோப்பை அலமாரியில இருக்கு. நான் போய் வாங்கலை."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மாமாவின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க. உங்களுக்கு நினைவு இருந்துச்சா அப்ப?"

"ம்."

"இவன் இப்ப சொன்னது கேட்டுச்சா?"

"ம்."

"வேணும்னேதான் உக்காந்தீங்களா? முதல்ல?"

மாமா கொஞ்சம் தயங்கினார். "ம்."

"எப்ப முடியாமப் போச்சு? நான் எண்ணுறேன். அந்த நிமிஷம் வந்ததும் கையை அழுத்துங்க. உடனேயா? அஞ்சு நிமிஷம் கழிச்சா?"

கை அசையவில்லை.

"பத்தா?"

கடைசல்காரர் மூச்சை நிறுத்திக்கொண்டார். கை அசையவில்லை.

"பதினஞ்சு? இருபது?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ மாடிப்படியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் வந்தது. அக்கா அது ஓயும்வரை நிறுத்தி, மறுபடி எண்ணினாள். இருபத்தஞ்சு. முப்பது. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் மாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு?"

மாமா கையை அழுத்தினார். அழுத்தியது வெளியிலிருந்தே தெரிந்தது; அக்காவின் விரல்கள் வெளுத்தன.

"முப்பத்தஞ்சா! அப்ப கடைசி ஆறு நிமிஷம்தானா?"

"ம்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதற்கு வழி விடுவது என்று தெரியாமல் இருமினாள். "பாவி மனுஷா! முப்பத்தஞ்சு நிமிஷம் வேணும்னே கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களா? ஒரு மரக்குதிரைக்கா? பாத்துக்கிட்டு இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும், எது நடிப்பு எது நோவுன்னு? உங்க பிடிவாதம் உங்களையே தின்னுடுச்சே!" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "ஆறு நிமிஷத்துல நீ என்னடா பண்ணுவே? உன்மேல தப்பில்ல. இத்தனை நாள் இதையா உள்ள வச்சுக்கிட்டு எண்ணெய் வத்தின விளக்கு மாதிரி இருந்தே? சாப்பிட வா. முதல்ல சாப்பிடு."

சோற்றைப் போட்டு, பருப்பு ஊற்றி, கையில் கொடுத்தாள். ஏழு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போக வழி திறந்து நின்றது. மாமா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். ஒரு பெரிய காயை வைத்துவிட்டு ஆசுவாசப்படுகிற முகம். அந்த முகத்தைக் கடைசல்காரருக்குத் தெரியும். ஒன்பது வருஷத்தில் ஏழு தடவை எதிரே உட்கார்ந்து பார்த்த முகம். நல்ல நகர்த்தல்தான். பதிலே இல்லாத நகர்த்தல். வாயை மூடிக்கொண்டு சோற்றைத் தின்றால் போதும்.

முதல் கவளம் உள்ளே போகவில்லை.

"அக்கா. பேனா விழுந்துச்சு."

"எந்தப் பேனா?"

"அவர் கையில இருந்தது. நான் டீ குடிச்சிட்டு வந்து உக்காந்ததும் விழுந்துச்சு. அப்ப பத்து நிமிஷம்தான் ஆகியிருந்துச்சு. கடிகாரம் பாத்தேன். அப்புறம் வாயோரம் எச்சில் வந்துச்சு, அதையும் பாத்தேன். பேனா உருளாம காலால மிதிச்சு வச்சுக்கிட்டேன். முப்பத்தஞ்சு இல்லக்கா. மாமா எனக்காகச் சொல்றார்."

மாமா கண்ணைத் திறந்தார். இப்போது அதில் இருந்தது கோபம், சந்தேகமே இல்லை. ஆனால் பேனாவுக்கான கோபம் இல்லை அது. அருமையாக ஆடி வைத்ததை ஒரு முட்டாள் கலைத்துவிட்ட கோபம்.

அக்கா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெயில் சுவரில் மேலே ஏறி மங்கியது. கடைசல்காரர் தட்டைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் கட்டிலின் விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரமாயிருக்கு. பிடி."

கையைக் கழுவிவிட்டு வந்து தோள்பக்கம் பிடித்தார். அவள் இடுப்புப்பக்கம். விரிப்பை உருவி, புதிதை விரித்து, முதுகைத் துடைத்து, மறுபக்கம் புரட்டினார்கள். வேலை நடந்துகொண்டிருந்தவரை அவள் முகம் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் மாமாவை மட்டும் பார்த்தாள்.

"அக்கா," என்றார் செருப்பை மாட்டும்போது, "நாளைக்கு நான் வரலாமா?"

"வராம? ஒருத்தியா எப்படிப் புரட்டுவேன்?" மிஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் வா."

வேறு ஆளை அவள் தேடினாளா என்று தெரியாது. கடைசல்காரர் ஆறு மணிக்குப் போய்க்கொண்டிருந்தார். கஞ்சி, துணி, தண்ணீர் என்பதைத் தவிர வார்த்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேள்விப்பட்டு வெளியூரிலிருந்து அக்காவின் பழைய கம்பெனித் தோழி ஒருத்தி பார்க்க வந்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள். கட்டிலைப் பார்த்து அழுதாள். பிறகு, கையில் ஈரத் துண்டோடு நின்ற கடைசல்காரரைப் பார்த்தாள்.

"இவர்தானா உன் தம்பி? வெள்ளத்துல தலைக்குமேல தூக்கிட்டு ஓடினாராமே?"

"வெள்ளமெல்லாம் இல்ல," என்றாள் அக்கா, ஒரு சட்டைத் துண்டை மிஷினுக்குக் கொடுத்துக்கொண்டே. "முப்பத்தொரு நிமிஷம் பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் தூக்கினான்."

தோழிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மிஷின் ஏழு கண் திறந்து நின்றது. அக்கா நூலை வெட்டினாள்.

அதற்கப்புறம் வந்தவர்களுக்கும் இதையேதான் சொன்னாள். ஒரு தடவைகூட அது முப்பத்திரண்டு ஆனதில்லை. வருகிறவர்கள் நம்பாமல் கடைசல்காரரைப் பார்ப்பார்கள்.

"ஆமா," என்பார் அவர், மாமாவின் முதுகைத் துடைத்துக்கொண்டே. "முப்பத்தொண்ணு."